கதிரியக்க மூலத்தைக் கண்டெடுத்தவர் குற்றவாளி அல்லர்

போரோ பேரிடரோ ஒரு நாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு, மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் படைமுகாம்களிலும் இருந்த கதிரியக்க மூலங்களுக்கு, அதாவது கருவிகளுக்குள் வைத்துப் பயன்படுத்தப்படும் கதிர்வீசும் பொருள்களுக்கு, பொறுப்பேற்க ஆளில்லாமல் போகிறது. அவற்றை மீட்பது பற்றிய பேச்செல்லாம் கதிர்வீச்சு அளவுமானிகளையும் ஈயக் கொள்கலன்களையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் அந்த மூலங்களில் பலவற்றை முதலில் கையில் எடுப்பவர் விறகு வெட்டியோ பழைய இரும்பு பொறுக்கியோ பிழைப்பவர்தான். அவரை நம்பியே மீட்புப்பணி நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2001 டிசம்பரில் ஜார்ஜியாவின் லியா கிராமத்தையொட்டிய காட்டில் விறகு வெட்டப் போன மூவர், சுற்றிலும் பனி உருகிக் கிடந்த இரண்டு உலோக உருளைகளைக் கண்டு, குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று அவற்றின் பக்கத்திலேயே இரவைக் கழித்தார்கள். அவை, சோவியத் கால மின்னாக்கிகளில் இருந்து கவசமின்றிக் கழன்று கிடந்த ஸ்ட்ரான்சியம்-90 மூலங்கள். சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கியது. பிறகு முதுகில் ஆறாத புண்கள். மூவரில் ஒருவர் 2004இல் இறந்தார். 2002 பிப்ரவரியில் அந்த உருளைகளைக் கொள்கலனில் ஏற்றியபோது, மீட்புக் குழுவினர் ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே அவற்றை நெருங்கியிருக்க முடிந்தது.

பிரேசிலின் கோயானியா நகரில் 1987இல் நடந்ததற்குப் போர் காரணமில்லை. கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையமே காரணம். அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சீசியம்-137 தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினருக்கும் நண்பருக்கும் பங்கிடப்பட்டது. வீட்டில் ஒவ்வொருவராக நோயுறுவதைக் கண்டு, இதுதான் காரணம் என்று சந்தேகித்து, மிச்சத்தைப் பையில் போட்டுப் பேருந்தில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்கச் செய்தவர் பழைய இரும்புக் கடைக்காரரின் மனைவி. இறந்த நால்வரில் அவரும் ஒருவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்த அந்த விபத்து வெளிச்சத்துக்கு வந்ததே அவரால்தான்.

ஆகவே, கண்டெடுத்தவரை விசாரணைக் கைதிபோல் நடத்தும் அரசு தன் தேடலைத் தானே முடக்கிக்கொள்கிறது. தண்டனைக்குப் பயந்தவர் பொருளை ஆற்றில் எறிவார், அல்லது அடுத்தவருக்கு விற்றுவிடுவார். ஈராக்கின் துவைதா அணு ஆராய்ச்சி மையத்தில் 2003இல் சூறையாடப்பட்ட யுரேனியப் பீப்பாய்கள் (இவை மூலங்கள் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான்) தண்ணீர் பிடித்துவைக்கப் பயன்பட்டன. அவற்றைக் காசு கொடுத்துத்தான் மக்களிடமிருந்து திரும்பப் பெற முடிந்தது.

தகவல் சொன்னவர்மீது வழக்கில்லை, சிகிச்சை இலவசம், ஒப்படைத்த பொருளுக்கு நியாயமான விலை என்று மூன்று உறுதிகளைச் சட்டமே தர வேண்டும். படிக்காதவருக்குக் கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ்க் குறி வெறும் பூவாகத் தெரியலாம் என்பதால், மண்டையோடும் ஓடும் மனிதரும் வரைந்த சிவப்பு முக்கோணம் 2007இல் அறிமுகமானது. சண்டை ஓய்ந்த பகுதிகளில், நிவாரணப் பொருள்கள் வந்துசேரும் அதே நாளில், அந்தப் படமும் ஒரு தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பழைய இரும்புக் கடையிலும் ஒட்டப்பட வேண்டும்.