காதலா காப்பாற்றியது?

ஹீதர் மோரிஸ் எழுதி 2018இல் வெளிவந்த 'தி டாட்டூயிஸ்ட் ஆஃப் ஆஷ்விட்ஸ்' நாவலை வியப்பவர்களில் பலரும், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலும் இரண்டு உயிர்களைக் காதல் காப்பாற்றியது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லாததும் அந்த ஒன்றில்தான்.

நாயகன் லாலே சோகோலோவ் உண்மையில் வாழ்ந்தவர். ஸ்லோவாக்கியாவிலிருந்து 1942 ஏப்ரலில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதர். கைதி எண் 32407. புதிதாக வந்தவர்களின் கையில் எண்களைப் பச்சை குத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. முகாமில் சந்தித்த கீட்டாவும் அவரும் பிழைத்து, மணந்து, மெல்பர்னில் வாழ்ந்தார்கள்.

அவரைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அந்த வேலைக்கு உண்டு. தனி அறை, கூடுதல் உணவு, முகாமுக்குள் நடமாட அனுமதி எல்லாம் அதனால் கிடைத்தவை என்று நாவலே சொல்கிறது. கைதிகள் 'கனடா' என்று அழைத்த கிடங்குகளில், ரயிலில் வந்திறங்கியவர்களின் உடைமைகளைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒளித்துக் கொடுத்த நகைகளையும் பணத்தையும், வெளியிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த போலந்துக்காரர்களிடம் அவர் கொடுத்து உணவும் மருந்தும் வாங்குகிறார். அந்த நகைகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டிருப்பார்கள். இறந்தவர்களின் பொருளால் உயிருள்ளவர்கள் பசியாறிய இந்த இடத்தில் நின்று எழுத எவ்வளவோ இருக்க, ஆசிரியர் அதை நாயகனின் சாமர்த்தியமாகக் காட்டிவிட்டு அடுத்த சந்திப்புக்கு விரைந்துவிடுகிறார்.

காதல்தான் காப்பாற்றும் என்றால், அங்கே கொல்லப்பட்ட சுமார் 11 லட்சம் பேரை யாரும் காதலிக்கவில்லையா? ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் மாலா ஜிமெட்பாம் என்ற யூதப் பெண் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கிடைத்த சலுகையைப் பயன்படுத்திப் பல பெண்களுக்கு உதவினார். போலந்துக் கைதி எடெக் கலின்ஸ்கியைக் காதலித்தார். 1944 ஜூன் 24 அன்று, கலின்ஸ்கி, முகாமைக் காவல் காத்த நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் சீருடையில் காவலனாக நடிக்க, இருவரும் தப்பினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஸ்லோவாக்கிய எல்லைக்கருகே பிடிபட்டு, செப்டம்பரில் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் மாலா தன் மணிக்கட்டைப் பிளேடால் அறுத்துக்கொண்டு, தடுக்க வந்த எஸ்.எஸ். ஆளை அறைந்தார் என்று சக கைதிகள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். லாலேயின் காதலைவிட இது எந்த விதத்தில் குறைந்தது?

பிழைகளையும் சொல்ல வேண்டும். 1943 தொடக்கத்தில் டைபஸ் காய்ச்சலில் கிடக்கும் கீட்டாவுக்கு லாலே பென்சிலின் வாங்கி வந்து காப்பாற்றுகிறார். அந்த மருந்து அப்போது அப்படிக் கிடைக்கக்கூடியதாக இல்லை. கிடைத்திருந்தாலும் டைபஸைக் குணப்படுத்தியிருக்காது. கீட்டாவின் எண் நாவலில் 34902. அவரே அளித்த சாட்சியத்திலோ 4562. ஆஷ்விட்ஸ் நினைவகத்தின் ஆய்வு மையம் 2018இலேயே இவற்றையும் வேறு பல தவறுகளையும் விரிவாக எடுத்துக்காட்டியது. "நாவல்தானே" என்று சமாதானம் சொல்பவர்கள், உண்மைக் கதை என்ற அறிவிப்போடுதான் இது விற்கப்பட்டது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் நல்ல நாவலுக்கான கரு மோரிஸின் கையிலேயே இருந்தது. நாஜிகளுக்கு ஒத்துழைத்தவன் என்று தன்னைச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் லாலே அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாய் திறக்கவில்லை. 2003இல் கீட்டா இறந்த பிறகே மோரிஸிடம் பேசத் தொடங்கினார். சக கைதிகளின் தோலில் ஊசியை இறக்கி உயிர்பிழைத்த ஒருவர், விடுதலைக்குப் பிறகும் அத்தனை ஆண்டுகள் யாருக்குப் பதில் சொல்ல அஞ்சிக்கொண்டிருந்தார் என்பதை இந்த நாவல் கேட்டிருக்க வேண்டும். அதற்கு இதில் ஓர் அத்தியாயம்கூட இல்லை.