தங்கமீனைவிடக் குறைவா நம் கவனம்?
"கைபேசியால் மனிதரின் கவன நேரம் 8 நொடியாகச் சுருங்கிவிட்டது, தங்கமீனுக்கே 9 நொடி" என்ற செய்தி மீண்டும் வலம் வருகிறது. இது தவறு. 2015இல் மைக்ரோசாஃப்ட்டின் கனடா பிரிவு வெளியிட்ட அறிக்கையால்தான் இந்த எண் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்நிறுவனம் அதை அளக்கவில்லை; ஒரு புள்ளிவிவரத் தளத்திலிருந்து எடுத்தாண்டது. செய்தியாளர்கள் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அடிப்படையான ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை. செய்யும் வேலை, ஆர்வம், களைப்பு ஆகியவற்றைப் பொறுத்துக் கவனம் மாறும். அதற்கு ஒரே அளவு கிடையாது. தங்கமீன்கூடக் கற்றதை மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். அறிவிப்பு ஒலிகள் கவனத்தைச் சிதறடிப்பது உண்மைதான். அதற்காகக் கவனிக்கும் திறனே அழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இந்தப் பொய்யை நம்பி, பிள்ளைகளுக்கு நீண்ட நூல்களைத் தராமலே விட்டுவிடுவதுதான் எனக்கு வேதனை தருகிறது.