சீல் நம்பரைப் படம் எடுத்த பையன்

ஷூவில் லேஸ் கோக்கிற ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன வளையம் இருக்குமே, ஐலெட். நான் முதலில் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அது வந்து சேராமல் இரண்டு நாள் லைனே நின்றது. தோல், லைனிங், சோல் எல்லாம் தயார். ஐலெட் இல்லை. கப்பலில் போகவேண்டிய சரக்கைக் கடைசியில் விமானத்தில் அனுப்பினார்கள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு முந்தைய எட்டு மாதம் ஒரு கன்டெய்னர்கூட கட்-ஆஃப், அதாவது துறைமுகத்தில் சேர்க்கவேண்டிய கடைசி நேரம், தவறவில்லை. அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

சாமான் வாங்குவதிலிருந்து சரக்கை நேரத்துக்கு அனுப்புவது வரைக்கும் பார்க்கிற சப்ளை செயின் வேலைக்கு இப்போது ஆள் எடுக்கும்போது நானும் உட்காருகிறேன். "ஏன்பா சப்ளை செயின்?" என்று கேட்டால் எல்லாரும் "நல்ல ஸ்கோப் இருக்கு சார்" என்பார்கள். ஆறு மாதம் கழித்து டீக்கடையில் கேட்டால்தான் நிஜம் வரும். ஊரை விட்டுப் போகவேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். நம்ம வடாற்காட்டில் இது சின்ன விஷயமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் தொழில். பக்கத்திலேயே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் வீட்டுச் சோறு.

ஆனால் அதற்காக மட்டும் வந்தவர்கள் ரொம்ப நாள் தங்குவதில்லை. தங்குகிறவனை நான் 2024-ல் ஒரு ராத்திரி பார்த்தேன்.

நாற்பதடி கன்டெய்னர். கடைசிப் பெட்டியும் உள்ளே போய், ஈரம் உறிஞ்சுகிற பைகளைக் கொக்கியில் மாட்டி, கதவைச் சாத்தி சீல் போடும்போது மணி இரண்டரை. புதுசாகச் சேர்ந்த குடியாத்தத்துப் பையன் சீல் நம்பரை இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு, கன்டெய்னர் நம்பரும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்தான். ஆபீஸ் ரெக்கார்டுக்கு என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஓடி வந்தான். "அண்ணா, நம்ம கப்பல் ஆப்பிரிக்காவ சுத்திக்கினு போவுது பாருங்க. நம்ம ஏத்துன பெட்டி இதுலதான் கீதுன்னு எங்கம்மாகிட்டயும் காட்னேன்."

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள்மேல் தாக்குதல் தொடங்கியதும் பல கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனை சுற்றி ஐரோப்பாவுக்குப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாளுக்கு மேல் கூடிப்போச்சு. "அந்தப் பத்து நாள நாம இங்க எங்கண்ணா புடிக்கிறது?" என்று அவனே கேட்டான். தோல் ஆர்டரை முன்னாலேயே போடலாமா, எந்த ஸ்டைலை முதலில் தைக்கலாம் என்று டீ ஆறுகிற வரைக்கும் பேசினோம். தான் கட்டிய பெட்டி எங்கே போகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

சம்பளம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராத்திரி இரண்டரை மணிக்கு நிற்கிறவனுக்கு அதற்கான காசு கொடுக்கத்தான் வேண்டும். கூடவே வழியும் வேண்டும். சரக்கு ஏற்றி அனுப்புகிற டிஸ்பாட்சிலேயே பத்து வருஷம் உட்கார வைத்தால் எவன் இருப்பான்? ஸ்டோர்ஸ் ஆளை பர்ச்சேஸுக்கு மாற்றுங்கள், பர்ச்சேஸ் ஆளை ப்ளானிங்குக்கு மாற்றுங்கள். ஒரு தடவையாவது சென்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

பெண்பிள்ளைகளை நினைத்தால் மனசு இன்னும் ஆறவில்லை. எங்கள் தையல் லைன் முழுக்கப் பெண்கள். டிஸ்பாட்ச் ஆபீஸில் ஒருத்தி இல்லை. "ராத்திரி வேலை" என்று தட்டிக் கழிக்கிறோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இ-வே பில் எல்லாம் பகலில் போடுகிற வேலைதானே?

அந்தப் பையனை ப்ளானிங்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். லைனில் பி.காம் முடித்த ஒரு பெண் இருக்கிறாள். அவன் இடத்துக்கு அவளைக் கேட்டிருக்கிறேன்.