தாழ்ப்பாள் எட்டவில்லை என்று யார் சொல்வது?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரைக் கேட்கிறோம், ஆசிரியரைக் கேட்கிறோம், வார்டு உறுப்பினரைக் கேட்கிறோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கிற பிள்ளைகளை மட்டும் கேட்பதில்லை. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். இதைச் சொன்னாலே வருகிற பதில்: "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகிட்ட என்னத்தக் கேக்குறது? நீச்சல் குளம் வேணும்பான்."

கேட்கட்டுமே. அதற்கடுத்து என்ன சொல்கிறான் என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் போதும்.

2025 ஜூன் கடைசியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 'வாட்டர் பெல்' வந்தது. காலை 11, மதியம் 1, பிற்பகல் 3 மணிக்கு மணி அடிப்பார்கள், பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர் பாட்டிலை வாயில் வைத்ததும் எடுத்துவிடுகிறார்கள். விசாரித்தால், தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் பெரியவர்கள் உயரத்தில் இருக்கிறது, இவர்களுக்கு எட்டாது. கூட ஒரு தோழி வந்து வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட நேரத்தில் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்ப டீச்சர் சம்மதிப்பதில்லை. அதனால் மதியம் வரை அடக்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் கழிப்பறையை எத்தனையோ பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்று டிக் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதுவும் பொய்யில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் தாழ்ப்பாள் எட்டியது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வைக்க ஆகிற செலவு ஒரு டீச்செலவுக்குக் கொஞ்சம் மேலே.

2025 ஜூலையில், வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரமாக 'ப' வடிவில் போடுவது பற்றிப் பெரிய விவாதம் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? கேரளத்தில் ஒரு சினிமாவைப் பார்த்துச் சில பள்ளிகள் அப்படிச் செய்ய, இங்கேயும் அந்தப் பேச்சு வந்தது. கடைசி பெஞ்ச் ஒழியும் என்றார்கள், கழுத்து வலிக்கும் என்றார்கள், வகுப்பில் இடம் பத்தாது என்றார்கள். டிவியில் அத்தனை பேர் பேசினார்கள். கழுத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளைத்தான் காணோம்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992இலேயே அதை ஏற்றுவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு 2010இல் போட்ட மாதிரி விதிகளில், மேலாண்மைக் குழுவின் சில இடங்களுக்கு உள்ளூர்க் கல்வியாளரையோ பள்ளிக் குழந்தைகளையோ பெற்றோர் உறுப்பினர்களே முடிவு செய்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கல்வியாளர் கிடைப்பார். குழந்தையை யார் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்?

ஆனால் கூட்டத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துக் கேட்டாலும் வேலைக்காகாது. "ஸ்கூல் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு மிஸ்ஸ்" என்று ராகம் போட்டு ஒரே குரலில் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஆலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் 2001இல் 'மொசைக்' என்று ஒரு முறையை எழுதினார்கள். பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத குழந்தைகள் கையில் கேமராவைக் கொடுத்து, தங்களுக்கு முக்கியமான இடங்களைப் படம் எடுக்கச் சொல்வது, அவர்களையே முன்னால் நடக்கவிட்டு இடத்தைச் சுற்றிக் காட்டச் சொல்வது, படங்களை ஒட்டி வரைபடம் செய்வது. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையிடமும் கருத்துக் கேட்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நம் பள்ளிகள் பலவற்றில் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்தார்கள். எழுதிப் போடத் தெரிந்த பிள்ளைக்கு அது சரி, ஒன்றாம் வகுப்புக்கு?

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பிள்ளைகள் தங்கள் கருத்தைக் கேட்காமலேயே தெரிவித்துவிடுகிறார்கள், தட்டில் மிச்சம் வைத்து. காலை உணவுத் திட்டத்தில் அரிசி உப்புமாவுக்குப் பதில் பொங்கல், சாம்பார் என்று 2025இல் அறிவித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். (எனக்கும் உப்புமா ஆகாது.) கழிப்பறைக்கோ விளையாட்டுத் திடலுக்கோ அப்படி மிச்சம் வைத்துக் காட்ட வழியில்லை. வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் கோரிக்கை சின்னது. பருவத்துக்கு ஒரு முறை, பிள்ளைகள் முன்னால் நடக்க, குழுவில் இரண்டு பேர் பின்னால் போக வேண்டும். வகுப்பாசிரியர் கூட வரக் கூடாது. அவர்மேல் சந்தேகமில்லை, அவர் நின்றால் பிள்ளைகள் பேச மாட்டார்கள். அப்புறம், எதைச் செய்யப் போகிறோம், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவர்களுக்கே சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால், அடுத்த முறை மறுபடியும் "நல்லா இருக்கு மிஸ்" தான் கிடைக்கும். தலைமையாசிரியர் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். பெற்றோர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.