புதுமை வேறு, நிலைப்பது வேறு

இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் வெறும் சத்தம், ஒன்றும் நிற்காது என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இன்றைய பாப் ஸ்டார்கள்தான் இசையையே புரட்டிப் போட்டார்கள் என்று தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களோடும் உண்டு. கோத்தகிரி, குன்னூர், பந்தலூர் பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எந்தப் பாட்டு ஜனங்களிடம் தங்குகிறது, எது ஒரு சீசனோடு கிளம்பிவிடுகிறது என்பதை மேடையிலிருந்து பார்க்கிறவன். புதுமை செய்வதையும் நிலைத்து நிற்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தச் சண்டை தீரவே மாட்டேன் என்கிறது.

முதலில் புதுமை. அது இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்கிறார்களோ தெரியவில்லை. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் 2019-இல் வந்தது, அண்ணன் ஃபினியஸோடு சேர்ந்து வீட்டுப் படுக்கையறையில் செய்தது. அதில் 'பேட் கை' பாட்டின் தாளத்துக்குள் சிட்னியில் ரோட்டைக் கடக்கும் இடத்து சிக்னல் சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். குன்னூரில் என்னிடம் கீபோர்டு கற்கும் ஒரு காலேஜ் பொண்ணு அதை வாசிக்க வேண்டும் என்று கேட்டாள், உட்கார்ந்தோம். பேஸ் என்கிற கீழ்ஸ்தாயி வரி கொஞ்ச நேரத்திலேயே கைக்கு வந்துவிட்டது, ஸ்வரமெல்லாம் சரி, ஆனால் பாட்டு வரவில்லை! மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுக்கிற அந்தக் குரல், மூச்சு, பேஸின் கனம், சட்டென்று விடுகிற இடைவெளி, பாட்டு முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஸ்டுடியோவையே வாத்தியமாக்கும் இந்த வழியை இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1966-லேயே டேப்பை வெட்டி, ஒட்டி, திருப்பி ஓடவிட்டுத் திறந்துவிட்டார்கள். நம்மூரில் 1992-இல் ரஹ்மான் வந்தபோதும் கம்ப்யூட்டர் இசை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அதே ஆட்கள் அவரை உதாரணம் காட்டி இன்றைய பிள்ளைகளைத் திட்டுகிறார்கள்.

பெரும்பாலான பாப் அப்படிப்பட்டது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு கணக்கில் ஏறும், அதனால் ஆரம்ப இசையை நறுக்கிவிட்டு மனசில் ஒட்டிக்கொள்கிற ஹூக் லைனை எடுத்த எடுப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். இது வியாபாரம், புதுமை இல்லை. பார்வை எண்ணிக்கையும் எதற்கும் சாட்சி கிடையாது. 2011-இல் 'கொலவெறி' உலகம் முழுக்க ஓடியது, இப்போது அதைக் கேட்டு எங்கள் மேடைக்குத் துண்டுச்சீட்டு வருவது அபூர்வம்.

அப்புறம், அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட். ஒலியில் அவர் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் நிற்பார். ஒரே உலகச் சுற்றுப்பயணத்தின் 149 கச்சேரிகளில் 200 கோடி டாலருக்கு மேல் அள்ளினார் என்பதற்காகச் சொல்லவில்லை. 2021-இல் அவர் மறுபடி பதிவு செய்து விட்ட பாட்டுகளில் ஒன்று பத்து நிமிஷம் ஓடும், அதை ஊட்டி ஹாஸ்டல் பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்த வரிகள் தேவைப்படுகின்றன. ஒரு பாட்டு நிற்பதற்கு நான் பார்த்தவரை இந்தத் தேவைதான் காரணம். எங்கள் மலையில் கோத்தர் பழங்குடியினர் கொள் என்கிற குழலை ஊதி, தப்பட்டை அடித்து வாசிக்கிற மெட்டுகளை யார் போட்டது என்று எந்த அட்டையிலும் அச்சடிக்கவில்லை. சாவுக்கும் சாமிக்கும் அது வேண்டும், அதனால் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்த இளையராஜாவிடமிருந்தே ஜனங்கள் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுக்கலை மட்டும் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாமே தங்கம் என்கிறோம்.

சரி, புதுமையும் தேவையும் ஒரே பாட்டில் சேருமா? சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் நிறைய. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களே வந்தன. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்து ராப் பாடகர் அறிவு எழுதியது, ராப்புக்குள் ஒப்பாரி, சினிமா பாட்டும் இல்லை. பந்தலூர் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவில் அதை எடுத்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் ட்ராக் நின்றது, என் கீபோர்டு செத்தது, பாடிய பொண்ணின் மைக்கும் போனது. முன்வரிசையில் இருந்த, தோட்ட லயன் வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் நிறுத்தவே இல்லை. கைதட்டிக்கொண்டே கும்மி மாதிரி ஆக்கி, தங்களுக்குத் தெரிந்த வரிகளையே சுற்றிச் சுற்றிப் பாடினார்கள், கோயில் பறைக்காரர் வந்து சேர்ந்துகொண்டார். கரண்ட் வந்ததும் ஒரு ஆயா மேடை ஓரமாக வந்து, "தம்பி, மொதல்ல இருந்து போடுப்பா, பேரப்பிள்ளைங்க சரியாக் கேக்கல" என்றார். பில்லி ஐலிஷ் பாட்டில் ஒலியை எடுத்தால் எதுவும் மிஞ்சாது. இதில் ஒலியே போன பிறகும் பாட்டு நடந்தது. இது ஐம்பது வருஷம் இருக்கும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் பாட்டு வெளியான அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில், இந்தப் பாட்டைச் சொல்லி வந்த கொண்டாட்டத்தில், பாடகர் அறிவைக் காணோம். சத்தம் போட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. ஸ்டார் யார் என்று முடிவுசெய்கிற இடத்தில் இப்படித்தான் நடக்கிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் குழுவில் இந்தப் பாட்டை அறிவிக்கும்போது முதலில் அறிவு, பிறகு கூடப் பாடிய பாடகி தீ, இசையமைத்த சந்தோஷ் நாராயணன் என்று மூன்று பெயரையும் மைக்கில் சொல்கிறோம். மலையில் கச்சேரி செய்கிற மற்ற குழுக்காரர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.