என் வீடியோவுக்கு எனக்கே ஸ்ட்ரைக்

"மிஸ், அந்த நெத்திலி கணக்கு வீடியோ காணோமே?" தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பழைய மாணவி ஒருத்தி நிறுத்திக் கேட்டாள். தூக்கிட்டாங்கடி என்றேன். என் சேனலில், என் முகம், என் குரல். காப்பிரைட் ஸ்ட்ரைக்கும், அதாவது அடுத்தவர் உரிமையை மீறினாய் என்று யூடியூப் தரும் எச்சரிக்கையும், எனக்கே. இது ரெண்டாவது. 90 நாளுக்குள் மூணு சேர்ந்தால் யூடியூப் சேனலையே மூடிவிடலாம்.

2020 லாக்டவுனில் எங்க மொட்டை மாடி ரூமில் எடுத்தது அது. சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊத்த ஊத்த. நடுவில் கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி ஹார்ன் அடிக்கும். "இருங்க பசங்களா, ரயில் போகட்டும்" என்பது அப்படியே பதிவாகியிருக்கும். காசிமேட்டில் ஒரு கூடை நெத்திலி 1,200 ரூபாய்க்கு ஏலம் எடுத்து, ஐஸுக்கு 80 கொடுத்து, 1,600-க்கு வித்தால் லாபம் எத்தனை சதவீதம்? ஐஸ் காசை விட்டுவிட்டுப் போடுகிற பிள்ளைதான் அதிகம்.

2022-ல் ஒரு ஆன்லைன் கோச்சிங் கம்பெனியில் சேர்ந்தேன். போன வருஷம் விலகினேன். அவர்கள் போட்ட ஸ்ட்ரைக் வந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டேன். "மேடம், ஒப்பந்தத்துல பதினோராவது பாயின்ட் படிச்சீங்களா?" ஏற்கெனவே எடுத்தவை, இனி எடுப்பவை எல்லாம் கம்பெனிக்கே என்று இருந்தது. படிக்கலை. சம்பளத் தொகை இருந்த பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படித்தேன்.

சம்பளத்துக்கு எடுத்த வீடியோக்களுக்கு நான் சண்டை போடவில்லை. மாற்றி எழுதி வாங்காத வரை அதெல்லாம் முதலாளிக்குத்தான் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு. மாடி ரூம் வீடியோக்கள்தான் வயிற்றெரிச்சல். ஆனால் எத்தனை வருஷத்துக்கு என்று அவர்கள் எழுத மறந்துவிட்டார்கள். எழுதாவிட்டால் அவர்களுக்கு உரிமை 5 வருஷம்தான், அதே சட்டத்தின் 19வது பிரிவு. 2027-க்கு நாள் எண்ணுகிறேன்.

நானும் உத்தமி இல்லை. ட்யூஷன் பிள்ளைகளுக்கு கைடு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவள்தான். டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் போட்ட வழக்கை 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது சந்தோஷப்பட்டேன். பாடம் நடத்த எடுப்பது வேறு. என் கையெழுத்து நோட்ஸை டெலிகிராமில் 99 ரூபாய்க்கு விற்கிறானே ஒருத்தன், அது வேறு. அதற்கு எந்த கம்பெனியும் ஸ்ட்ரைக் போடக் காணோம்.

புதுசாகச் சேரப்போகிற டீச்சர்களே, "ஏற்கெனவே எடுத்தவை" என்ற வார்த்தையை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்து போடுங்கள். அடிக்க மாட்டார்கள் என்றால் பழைய வீடியோவுக்குத் தனியாக விலை கேளுங்கள்.

நேத்து ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டுப் புதுசாக ஒன்று எடுத்தேன். இந்த முறை காரப்பொடி, கூடை 800, ஐஸ் 40, விற்றது 1,050. விடை அதே 25 சதவீதம்.