நான் எங்கேய்யா இன்ட் கொடுத்தேன்?

"எரர் மெசேஜை ஒழுங்காகப் படி, எல்லாம் அதிலேயே இருக்கு" என்று அறிவுரை சொல்லும் சீனியர்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படி வாருங்கள். படித்தே காட்டுகிறேன்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் ஒரு சிஎஸ்வி ஃபைலிலிருந்து தொகைகளை எடுத்து லிஸ்ட்டில் போட்டு, 'கூட்டிக் கொடு' என்று சம் ஃபங்ஷனிடம் தருகிறோம். சிஎஸ்வியிலிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங்தான், அதாவது எண் மாதிரி தெரிந்தாலும் வெறும் எழுத்துத் தொடர். சரி, ஸ்ட்ரிங்கைக் கூட்டமாட்டேன் என்று திட்டட்டும், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அது என்ன சொல்கிறது? இன்ட்டுக்கும் (முழு எண்ணுக்கும்) ஸ்ட்ரிங்குக்கும் நடுவில் + செல்லாதாம். இன்ட்டா? லிஸ்ட்டை மேலிருந்து கீழ்வரை சலித்தாலும் ஒரு இன்ட் கிடையாது! எந்த வரியில் எண் கலந்தது என்று ஃபைலைப் புரட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த இன்ட் சம்முக்கு உள்ளேயே இருக்கிறது. எங்கிருந்து கூட்டத் தொடங்குவது என்று நாம் சொல்லாவிட்டால் அது தானாக 0-வில் தொடங்கும். அந்த 0-வோடு நம் முதல் "100"-ஐக் கூட்டப் போய் முட்டிக்கொள்கிறது. தான் வைத்த 0-க்கு நம்மைக் குற்றவாளி ஆக்குகிறது!

இதைவிட வயிறெரியும் சமாசாரம் ஒன்று உண்டு. தொடக்க மதிப்பாக ஒரு காலி ஸ்ட்ரிங்கைக் கொடுத்துப் பாருங்கள். 'சம் ஸ்ட்ரிங்குகளைக் கூட்டாது, ஜாய்னைப் பயன்படுத்து' என்று பதவிசாகச் சொல்லும் (ஜாய்ன் ஸ்ட்ரிங்குகளை ஒட்டித் தருவது). ஆக, தெளிவாகப் பேசத் தெரியும். தொடக்க மதிப்பு என்று ஒன்று இருப்பதே தெரிந்தவனிடம் மட்டும்தான் அப்படிப் பேசும். நேற்று படிக்க வந்தவன் என்ன பாவம் செய்தான்?

போகட்டும், ஒவ்வொன்றையும் இன்ட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று போனால், தொகை "1,25,000" என்று இருக்கிறது. உடனே 'பேஸ் 10-இல் இது செல்லாத லிட்டரல்' என்கிறது, அதாவது நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமான முறையில் இது எண்ணே இல்லையாம். பேஸ் 10 பற்றி இப்போது யார் கேட்டது? பைனரி, ஹெக்ஸ் என்று வேறு எண்முறை பற்றி யாராவது வாயைத் திறந்தோமா? நடுவில் கமா இருக்கிறது, எடு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதில் கூத்து, கமா இருந்த இடத்தில் அண்டர்ஸ்கோர் போட்டால் பேசாமல் வாங்கிக்கொள்ளும். எந்த ஊர் கணக்குப்பிள்ளை அண்டர்ஸ்கோர் போட்டுத் தொகை எழுதுகிறார்?

அப்புறம் லிஸ்ட்டை வரிசைப்படுத்தும் சார்ட். அது அதே லிஸ்ட்டை அடுக்கிவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் நன்னை (None) திருப்பித் தரும். அதை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்தால் அந்த வரியில் ஒரு சத்தமும் வராது. எங்கேயோ கீழே போய் முதல் உருப்படியைக் கேட்கும்போதுதான் 'நன்டைப் சப்ஸ்கிரிப்டபிள் இல்லை', அதாவது நன்னிலிருந்து உருப்படி எடுக்க முடியாது என்று அலறும். தப்பு ஒரு வரியில், அலறல் இன்னொரு வரியில். சப்ஸ்கிரிப்டபிளாம், பேரைப் பார்!

2021-இல் வந்த பைத்தான் 3.10 பதிப்பிலிருந்து, பெயரை எழுத்துப்பிழையோடு அடித்தால் 'இதையா சொல்ல வந்தாய்?' என்று கேட்கிறது. நல்ல வேலை, மறுக்கவில்லை. அந்த அக்கறை சம் பக்கமும் கொஞ்சம் திரும்பக் கூடாதா? வேகம் குறையும் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். கூட்டல் நின்றுபோன பிறகுதானே மெசேஜே எழுதப்படுகிறது? 'தொடக்க மதிப்பு 0, முதல் உருப்படி ஸ்ட்ரிங்' என்று அப்போது ஒரு வரி சேர்த்தால் எந்த வேகம் போய்விடும்?